ஆறாம் வசனம் யாருடையது

எங்கள் வீட்டில் ஆமென் சொல்லாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடக்கூடாது. மாமா இறந்த பிறகு அந்த ஆமென் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சமைத்ததெல்லாம் ஆறிப்போகும், என் கணவரின் முகம் சுருங்கிப்போகும், அத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு, ஆறாவது வசனம் வரட்டும் என்று காத்திருப்பார். அதைச் சொல்லவேண்டியவரோ கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. மாமா அவருடைய அப்பா. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சாயங்கால ஜெபம் ஒரே மாதிரிதான். விளக்குப் போட்டதும் கூடத்தில் பாயை விரிப்பார்கள். அத்தை முதல் வசனத்தைச் சொல்வார், ஆண்டவர் என் மேய்ப்பர் என்று. மாமா இரண்டாவதைச் சொல்வார், புல்வெளியும் அமைதியான தண்ணீரும். அத்தை மூன்றாவது, மாமா நான்காவது. இருண்ட பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயமில்லை என்பது மாமாவின் பங்கு. விருந்தும் எண்ணெயும் நிரம்பி வழிகிற பாத்திரமும் அத்தையின் பங்கு. கடைசியில் ஆண்டவருடைய வீட்டில் என்றைக்கும் இருப்பேன் என்கிற ஆறாவது, மாமாவினுடையது. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து ஆமென். நானும் என் கணவரும் சும்மா கேட்டுக்கொண்டிருப்போம். உண்மையைச் சொன்னால், நான் கண்ணை மூடிக்கொண்டு நாளைக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பங்கு பிரித்த கதையை மாமாவே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். மாமா பஸ் டிரைவர். அத்தை ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர், சங்கீதம் ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியவர். மாமாவோ கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவர். “ஸ்டியரிங்கைப் பிடிச்ச கைக்குப் பைபிள் புடிபடல” என்பார். புதிதாகக் கல்யாணமானபோது முழு சங்கீதத்தையும் மனப்பாடம் செய்யச் சொன்னதற்கு, மனிதர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பதுபோல் பின்வாங்கியிருக்கிறார். அத்தை இறங்கி வந்தார். “சரி, பாதியை நான் சொல்லிடறேன். மீதிப் பாதியை மட்டும் நீங்க பாத்துக்குங்க.” அப்படித்தான் ரெட்டைப்படை வசனங்கள் மாமா கணக்கில் சேர்ந்தன. கடைசிவரைக்கும் அவருக்கு முதல் வசனம் தனியாகச் சொல்ல வராது. யாராவது ஆரம்பித்துக் கொடுத்தால் பதில் கணீரென்று வரும்.

அதிலும் ஆறாவது என்றால் அவருக்கு உயிர். ஆயுள் முழுக்க வாடகை வீடு. வீட்டுக்காரர்கள் காலி பண்ணச் சொல்வதும், பெட்டி படுக்கையோடு வேறு தெருவுக்குப் போவதுமாகவே இருந்தவர்கள். “அந்த வீட்டுல ஒரு வசதி, காலி பண்ணுன்னு எவனும் கதவைத் தட்ட மாட்டான்” என்பார். அத்தை முறைப்பார். ஜெபத்தில் என்ன விளையாட்டு என்று அந்த முறைப்புக்கு அர்த்தம். ஆனால் அடுத்த நாளும் மாமா அந்த வசனத்தைச் சொல்லும்போது, அத்தையின் உதட்டோரம் லேசாகச் சிரிக்கும். நான் கண்ணைப் பாதி திறந்து பார்த்திருக்கிறேன்.

மாமாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அத்தை வேலை பார்ப்பதும் அதே ஆஸ்பத்திரியில்தான், கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் பகுதியில். மாமா படுத்திருந்த கட்டிலின் விரிப்பைத் தொட்டுப் பார்த்து, “இது நான் மடிச்சதில்ல, ஓரம் கோணலா இருக்கு” என்று குறை சொன்னவர் அவர். ஒவ்வொரு சாயங்காலமும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சங்கீதத்தை ஆரம்பிப்பார். மாமாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. அத்தை அவருடைய வசனத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் விட்டுவிட்டுத்தான் தன்னுடையதைத் தொடங்குவார்.

அன்றைக்கு நான் காபி பிளாஸ்க்கோடு அறை வாசலில் நின்றேன், ஜெபத்தின் நடுவில் உள்ளே போகவேண்டாமே என்று. நான்காவது வசனத்துக்கு மாமாவின் உதடு அசைந்தது, அத்தையின் கையையும் இறுக்கிப் பிடித்தார். அத்தை ஐந்தாவதைச் சொன்னார். பிறகு காத்திருந்தார். மாமா கண்ணை மூடியிருந்தார். மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். நர்ஸ் உள்ளே வந்து மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குனிந்தாள். அத்தை ஒரு கையைத் தூக்கி அவளைத் தடுத்தார். “கொஞ்சம் இரும்மா, சொல்லுவாரு” என்றார்.

அந்தக் கை தூக்கியபடியே இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடக்க ஆராதனை முடிந்து, வந்தவர்களெல்லாம் கிளம்பிய அன்று சாயங்காலம் அத்தை வழக்கம்போல் பாயை விரித்தார். முதல் வசனம் சொன்னார். நிறுத்தினார். அம்மா தடுமாறுகிறார் என்று நினைத்து என் கணவர் இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார். அத்தை கண்ணைத் திறந்தார்.

“அது அப்பாவோடது. நீ எதுக்குச் சொல்ற?”

“இல்லம்மா, நீங்க நிறுத்தினீங்களேன்னு...”

“நிறுத்தல. அவருக்கு விட்டிருக்கேன்.”

என் கணவர் மெக்கானிக், இஞ்சின் மக்கர் செய்தால் எதைத் திருகுவது என்று தெரியும். அம்மா மக்கர் செய்தால் ஒன்றும் தெரியாது. ஐந்தாவதற்குப் பிறகு நெடுநேரம் மௌனம். பொறுக்க முடியாமல் என் கணவர் “ஆமென்” என்றார். “இன்னும் முடியல” என்றார் அத்தை. கடைசியில் முடிக்காமலேயே எழுந்து உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் திருடர்களைப்போல் அடுக்களையில் நின்றபடி சாப்பிட்டோம்.

இதுவே தினமும் நடந்தது. அத்தைக்கு என்ன பிரச்சினை என்று முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவரே வாயைத் திறந்தார்.

“ஏம்மா, அவரு அந்த வசனத்தைச் சொல்லாமயே போயிட்டாரே.”

“மூச்சு முட்டியிருக்கும் அத்தை. மனசுல சொல்லியிருப்பாரு.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பயந்துட்டாரோ என்னமோ. கடைசி நேரத்துல நம்பிக்கை விட்டுப்போச்சோ என்னமோ. நானாவது சொல்லியிருக்கலாம். அவருது ஆச்சேன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.” கத்தி நின்றது. “அதுவும் போகட்டும். நான் என்னிக்காவது அதைச் சொல்லியிருக்கேனா? இத்தனை வருஷமா அந்த வீட்டுக்கு வருவேன்னு சொன்னது அவருதான். நான் சொன்னதே இல்ல. அப்ப அந்த வீடு எனக்கு உண்டா, இல்லையா? அவரு போய்ச் சேர்ந்தாரா, இல்லையா? சேர்ந்திருந்தா நான் அங்க போவேனா? எல்லாம் ஒரே குழப்பமா இருக்கு.”

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற எனக்குப் பரலோகத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வசனம் குறைகிறது என்று ஆண்டவர் ஒரு மனிதரை வாசலில் நிறுத்துவாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் நிச்சயமாகத் தெரியவில்லை. மாமா எங்கே இருக்கிறார்? இத்தனை வருஷம் ஆமென் ஆமென் என்று சொன்னேனே, எதற்குச் சொன்னேன்? அதுவரை அமைதியாக இருந்த என் மண்டைக்குள்ளும் அத்தை ஒரு கல்லை எறிந்துவிட்டார்.

அந்த வாரமே கிளினிக்குக்கு ரேடியோ வந்தாள். அத்தையோடு துணி மடிக்கிறவள். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது என்பதால் அந்தப் பெயர். கடைவாய்ப்பல் வீங்கியிருந்தது, அப்போதும் பேச்சு குறையவில்லை.

“அக்கா ஒரு மாதிரியா இருக்காங்க. வீட்டுல கவனிக்கிறீங்களா இல்லையா?”

“என்ன ஆச்சு?”

பெரிய விரிப்புகளை ஒரு ஆள் மடிக்க முடியாது. டிரையரிலிருந்து சூடாக எடுத்ததும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி இழுப்பார்கள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நடந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் சேர்ப்பாள். மற்றவள் குனிந்து மடிப்பை எடுப்பாள். அத்தையும் ரேடியோவும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். இப்போது என்னவென்றால், ரேடியோ நடந்து வந்தால் அத்தை வருவதில்லையாம். முனையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நிற்கிறாராம்.

“நான் பாட்டுக்கு நடந்து வந்து அவங்க மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன். விரிப்பு நடுவுல தரையில கெடக்குது. ‘என்ன அக்கா’ன்னா, ‘இரு, இரு’ங்கறாங்க. எதுக்கு இருக்கணும்? சூப்பர்வைசர் பாத்துட்டாரு. தலையணை உறைக்கு மாத்திட்டாரு.”

தலையணை உறை தனி ஆள் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பது. அத்தை இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. இப்படியே போனால் வேலையும் போகும், ஆளும் போவார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் போதகருக்குப் போன் போட்டேன்.

போதகர் நல்ல மனிதர். அத்தை எதிரில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். “அம்மா, சங்கீதத்துல பங்கெல்லாம் கிடையாது. எல்லா வசனமும் எல்லாருக்கும்தான். அவர் வாய் சொல்லலன்னாலும் மேய்ப்பர் அவரை விட்டுட மாட்டாரு. நாம சொல்றதால பரலோகம் கிடைக்கறதில்ல. அது அவரு குடுக்கறது” என்றார். ஒரு சொல் தப்பில்லை. “சரிங்க ஐயா” என்றார் அத்தை. மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்கள் எங்கள் டாக்டரிடம் சொல்லும் அதே “சரிங்க”. போதகர் முழு சங்கீதத்தையும் தாமே அழகாகச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன். “இப்ப நிம்மதியா அத்தை?”

“நல்லாத்தான் சொன்னாரு. தனியா சொல்லிட்டுப் போறாரு, பாவம். பதில் சொல்ல யாரும் இல்லையே.”

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அதற்கடுத்த சில நாட்களில் ஒரு சாயங்காலம். என் கணவருக்குப் பணிமனையில் அவசர வேலை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கிளினிக்கில் அன்றைக்கு ஒருவர், டோக்கன் தாமதமென்று என்னைக் கண்டபடி பேசிவிட்டுப் போயிருந்தார். மூக்குக்கு மேல் கோபம், வயிற்றில் பசி. அத்தை பாயை விரித்தார். முதல் வசனம். மௌனம். மூன்றாவது. மௌனம். ஐந்தாவது. மௌனம். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டு அடங்கியது. அத்தை காத்திருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அத்தை, இது எத்தனை நாளைக்கு?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“மாமாவோடதை யாரையும் சொல்ல விட மாட்டேங்கறீங்க. சரி. உங்களோடது உங்களோடதுதானே? அதை யாருக்கு வேணா குடுக்கலாம் இல்ல? எனக்குக் குடுங்க. முதல் வசனம், மூணு, அஞ்சு நான் சொல்றேன். நீங்க மாமாவோடதைச் சொல்லுங்க.”

கண் திறந்தது. “அவருதை நான் எப்படிச் சொல்றது?”

“அவரு வேற யாருக்குக் குடுத்துட்டுப் போவாரு? எனக்கா? பஸ் டிப்போவுக்கா? உங்களை விட்டா அந்த மனுஷனுக்கு யாரு இருந்தா?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னவோ ரேஷன் கார்டைப் பங்கு போடுவதுபோல் பேசிவிட்டேன். அத்தை அழுவார் அல்லது எழுந்து போவார் என்று பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. பாயின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

“சரி, சொல்லு” என்றார்.

ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அது முழுதாகத் தெரியாது என்பது புரிந்தது. இத்தனை வருஷம் கேட்டும் முதல் வசனத்தின் இரண்டாம் பாதியைத் தப்பாகச் சொன்னேன். அத்தை திருத்தினார். திருப்பிச் சொன்னேன். இரண்டாவதை அவர் சொன்னார், வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடப்பவர்போல் ஒவ்வொரு சொல்லாக. மூன்றாவதில் நான் மறுபடி தடுமாற, அத்தை எடுத்துக் கொடுத்தார். நான்காவது வந்தது. பள்ளத்தாக்கு. அவர் குரல் இறங்கிப்போனது. ஆண்டவர் என்னோடுகூட இருக்கிறார் என்ற இடத்தில் இரண்டு முறை நின்று நின்று சொன்னார். அழுகையை மென்று விழுங்குகிறார் என்று தெரிந்தது.

நான் ஐந்தாவதைச் சொன்னேன். விருந்து, எண்ணெய், நிரம்பி வழிகிற பாத்திரம். சொல்லி முடித்தேன்.

இப்போது காத்திருப்பது என் முறை. அது என்ன பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவருடைய குரலுக்காக உட்கார்ந்திருக்கிறோம், குரல் வரவில்லை. வருமா? என்ன செய்கிறார்? எனக்குப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன். அத்தை வாயை லேசாகத் திறந்தபடி, எதையோ தேடுகிற முகத்தோடு இருந்தார்.

பிறகு சொன்னார். நன்மையும் கிருபையும் வாழ்நாளெல்லாம் என்னைத் தொடரும் என்பதை முதலில் சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டை. அங்கே என்றைக்கும் இருப்பேன் என்று கடைசிச் சொல் வரைக்கும் சொன்னார். முதல்முறையாகத் தன் வாயால்.

நான் ஆமென் சொல்ல வாயெடுத்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஒரே திகைப்பு. கணக்கில் தப்பைக் கண்டுபிடித்தவர்போல் என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, அவரு இதை எதுக்குச் சொல்லணும்?”

“என்ன அத்தை?”

“அந்த வீட்டுல போய் இருப்பேன்னு யாரு சொல்லுவாங்க? இன்னும் வெளிய நிக்கறவங்கதானே? உள்ள போயிட்டவங்க எதுக்கு அதைச் சொல்லணும்?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார், என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல்.

“நாலாவதைச் சொன்னாரு. என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. நான் அஞ்சாவதைச் சொன்னேன். ஆறாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லல, சொல்லலன்னு இத்தனை நாளா கெடந்து தவிச்சேனே. அவரு சொல்லாம விடலம்மா. அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு.”

அழுதார். மாமா இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. இது சரியான வேதம்தானா, போதகர் ஒத்துக்கொள்வாரா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கூடத்தில் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாமா எங்கேயோ வெட்டவெளியில் ஒரு வசனம் குறைந்து நிற்கிறார் என்கிற பயம் எனக்குள்ளிருந்து போய்விட்டது. அப்படி ஒரு பயம் எனக்குள்ளும் இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது.

ஆமென் என்றார் அத்தை. நானும் சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறித்தான் போயிருந்தது, ஆனாலும் அத்தை மறுபடி போட்டுக்கொண்டார்.

தட்டைக் கழுவ எடுக்கும்போது சொன்னார். “நாளைக்கும் நீயே ஆரம்பி. முதல் வசனத்தை ஒழுங்கா படிச்சு வை.”

“சரி அத்தை.”

“அவருதை இனிமே நான் பாத்துக்கறேன்.” கொஞ்சம் நின்றார். “ஒரு நாளைக்கு நீ அஞ்சாவதைச் சொல்லி முடிச்சிருப்ப. நான் பதில் சொல்ல மாட்டேன். அப்ப நீ என்னை மாதிரி காத்துக்கிட்டு உக்காந்திருக்காத. போய்ச் சேர்ந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு, நீயே அதைச் சொல்லி முடிச்சிடு.”

அதற்கும் சரி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.